சித்தூரில் நீரை அளந்தவர்கள்: குடம், டி.எம்.சி., லிட்டர், ரூபாய்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் நீர் வரலாற்றைப் படிப்பவர் இரண்டு எண்களை மீண்டும் மீண்டும் எதிர்கொள்வார். ஒன்று 7.25. ஆண்டுதோறும் மணக்கடவில் கேரளத்துக்கு வந்துசேர வேண்டிய நீரின் அளவு அது, டி.எம்.சி. கணக்கில். மற்றொன்று 5,10,000. பிளாச்சிமடையில் கொக்கக்கோலா ஆலை நாளொன்றுக்கு நிலத்தடியிலிருந்து எடுத்ததாக ஒப்புக்கொண்ட நீரின் அளவு அது, லிட்டர் கணக்கில். முதல் எண்ணைப் பற்றி இரு மாநில அரசுகளும் பொறியாளர்களும் உழவர் அமைப்புகளும் அரை நூற்றாண்டாகப் பேசிவருகின்றனர். இரண்டாம் எண்ணைப் பற்றிச் சட்டவியலாளரும் சூழலியலாளரும் எழுதிக் குவித்துள்ளனர். ஆனால் இரண்டும் ஒரே வட்டத்து நீரைப் பற்றியவை என்பதைக் கருத்தில் கொண்டு இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்த்த எழுத்து மிகக் குறைவு. ஒவ்வோர் அளவையும் எதைக் காட்டியது, யாரைக் கண்ணிலிருந்து மறைத்தது என்று கேட்டுப் பார்ப்பதே இப்பதிவின் நோக்கம்.

முதலில் நிலத்தைச் சொல்ல வேண்டும். சித்தூர், கொச்சி அரசின் ஒரு தனித்த துண்டு. கொச்சியின் மற்றப் பகுதிகளிலிருந்து பிரிந்து, ஒரு பக்கம் மலபார் மாவட்டமும் மறுபக்கம் கோயம்புத்தூர் மாவட்டமும் சூழக் கிடந்தது. கேரளத்தில் கரிசல் மண் உள்ள இடம் இதுவே. வட்டத்தின் மேற்கே நெல்வயல். கிழக்கே செல்லச் செல்ல மழை குறைந்து, கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஊராட்சிகளில் தென்னையும் நிலக்கடலையும் காய்கறியுமாக நிலம் கொங்கு நாட்டின் தொடர்ச்சியாகவே மாறிவிடும். மொழியும் அப்படியே. கேரளம் என்றால் மழை என்று எண்ணுவோருக்கு இந்தக் கிழக்குப் பகுதி வியப்பளிக்கும். கணவாய் வழியே வரும் காற்று மண்ணை உலர்த்திவிட்டுப் போகும் ஊர் இது.

இத்தகைய நிலத்தில் பழைய அளவைகள் எப்படி இருந்தன? மொழியியல் பயின்றவன் என்பதால் சொற்களிலிருந்தே தொடங்குகிறேன். பாலக்காட்டு வயல் நீளம் அகலம் கொண்டு அளக்கப்படவில்லை. விதை கொண்டு அளக்கப்பட்டது. ‘பத்துப் பறை நிலம்’ என்றால் பத்துப் பறை நெல் விதைக்கத் தக்க நிலம். ஒரு நிலம் எவ்வளவு பெரிது என்ற கேள்விக்கு, அது எவ்வளவு வாங்கிக்கொள்ளும் என்பதே விடை. நீருக்கு ‘முறை’ அளவை. எத்தனை லிட்டர் என்ற கேள்வியே அங்கு இல்லை. எவருக்குப் பின் எவர், எத்தனை நேரம் என்பதுதான் கேள்வி. கிழக்கே கிணற்றுப் பாசனத்தில் கவலை இறைத்த காலத்தில் ‘சால்’ அளவை. மாட்டின் களைப்பும் கிணற்றின் ஊற்றும் சேர்ந்து ஒரு நாளுக்கு எத்தனை சால் என்பதை முடிவுசெய்தன. மாடு களைத்தால் இறைப்பு நிற்கும்; அதற்குள் கிணறு ஓரளவு ஊறிவிடும். இந்த அளவைகளைப் பொற்காலமாகச் சித்திரிக்க எனக்கு விருப்பமில்லை. முறையில் கடைசியாக நின்றவர் யார், முறையே இல்லாதவர் யார் என்று கேட்டால் சாதியே விடையாக வரும். ஆயினும் இவற்றில் அளவும் வரம்பும் பிரியாமல் இருந்தன. மின்னிறைப்பி வந்தபோது அந்தப் பிணைப்பு அறுந்தது. ஆழ்துளைக் கிணறு வந்தபின் இப்பகுதி உழவர் பேச்சில் ‘ரெண்டு இஞ்சுத் தண்ணி’ என்ற அளவை வந்தது. நீர் எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்பதை அது சொல்லும். எவ்வளவு நாள் வரும் என்பதைச் சொல்லாது.

ஊர்ப்பெயர்களிலும் ஒரு செய்தி உண்டு. இன்று நீர் அளக்கப்படும், தடுக்கப்படும் இடங்களின் பெயர்கள் மணக்கடவு, ஆலங்கடவு, தேம்பாரமடக்கு, மூலத்தறை. கடவு என்பது ஆற்றைக் கடக்கும் துறை. மடக்கு என்பது நீரை மடக்கித் திருப்பும் இடம். பிளாச்சிமடை, வண்ணாமடை ஆகியவற்றின் ஈற்றில் உள்ள ‘மடை’யை நீர்வழியாகக் கொள்ளவே என் மனம் விரும்புகிறது, ஆனால் ஊர்ப்பெயர் ஆய்வில் மனம் விரும்புவதை எழுதுவது ஆபத்து என்பதால் அதை இங்கேயே விடுகிறேன்.

டி.எம்.சி. என்ற அளவை சித்தூருக்குப் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தோடு வந்தது. ஒப்பந்தம் கையெழுத்தானது 1970 மே 29. ஆனால் 1958 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்ததாக அது கொள்ளப்பட்டது. முப்பது ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யலாம் என்பது விதி. முதல் முப்பது ஆண்டு 1988இல் முடிந்தது. மறுஆய்வு இன்றுவரை முடிந்தபாடில்லை. ஆனைமலையின் மேற்குச் சரிவில் பிறந்து மேற்கே ஓடும் ஆறுகளின் நீரைக் கிழக்கே திருப்பிக் கோவை மாவட்டத்து வறண்ட நிலங்களுக்குக் கொண்டுசெல்வது திட்டத்தின் உயிர். அதற்கு ஈடாக, ஏற்கெனவே சித்தூர் ஆற்றை நம்பியிருந்த பாசனத்துக்கு, ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரையிலான நீராண்டில் 7.25 டி.எம்.சி. நீர் மணக்கடவு அணையில் அளந்து தரப்பட வேண்டும்.

ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. ஏறக்குறைய 2,832 கோடி லிட்டர். 7.25 டி.எம்.சி.யை ஆண்டு முழுவதும் சமமாக விட்டால் விநாடிக்குச் சுமார் 230 கன அடி பாயும். சமமாக விடுவதில்லை, விடவும் கூடாது. நெல் அப்படிக் குடிப்பதில்லை. ஆகவே கூட்டு நீர் ஒழுங்காற்று வாரியம் காலவாரியாக அட்டவணை போடுகிறது. சண்டை பெரும்பாலும் இந்த அட்டவணையைப் பற்றியதே. ஆண்டு மொத்தம் சரியாக இருந்தும், இரண்டாம் பயிர் கதிர்விடும் பதினைந்து நாள் நீர் வராமல் போனால் உழவருக்கு அந்த மொத்தத்தால் பயனில்லை. பழைய ‘முறை’ காலத்தை அளந்தது, டி.எம்.சி. பருமனை அளக்கிறது, காலம் ஆண்டுதோறும் பேச்சுவார்த்தைக்கு விடப்பட்டுவிட்டது.

அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்றும் நிகழ்ந்தது. சித்தூரின் நீர் என்றாலே மணக்கடவில் வரும் நீர் என்று ஆனது. கால்வாய் எட்டாத கிழக்கு ஊராட்சிகளின் கிணறுகள் எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. மூலத்தறையிலிருந்து கால்வாய் பிரிகிறது. கம்பாலத்தறை, வெங்கலக்கயம் ஏரிகள் அதே பகுதியில் உள்ளன. இத்தனைக்கும் நடுவே எரவாளர், மலசர் பழங்குடியினரும் நிலமற்ற கூலித் தொழிலாளரும் குடித்தது கிணற்று நீரை. டி.எம்.சி. அளவையில் அவர்கள் கிடையாது. ஆயக்கட்டு என்பது நிலம் உடையவரின் கணக்கு.

இந்தப் பின்னணியில்தான் 2000 ஜனவரியில் பெருமாட்டி ஊராட்சி இந்துஸ்தான் கொக்கக்கோலா நிறுவனத்துக்கு உரிமம் வழங்கியது. சுமார் 34 ஏக்கர் நிலம். ஆறு ஆழ்துளைக் கிணறுகள், இரண்டு திறந்த கிணறுகள். சில மாதங்களில் சுற்றிலும் கிணற்று நீர் இறங்கிற்று. இருந்த நீரும் மாறிற்று: குடித்தால் கரித்தது, பருப்பு வேகவில்லை, சோறு கெட்டது, குளித்தால் உடம்பு அரித்தது. பெண்கள் குடத்தோடு தொலைவு நடக்கத் தொடங்கினர். 2002 ஏப்ரல் 22 அன்று சி.கே. ஜானு தொடங்கிவைத்த ஆலைவாயில் போராட்டம் இவ்வாறுதான் பிறந்தது. அதன் முகமாக நின்ற மயிலம்மா எரவாளர் இனப் பெண். 2007 ஜனவரியில் மறைந்தார்.

இங்கே ஒரு சிறு கணக்கு. ஆலை நாளொன்றுக்கு எடுத்த 5.1 லட்சம் லிட்டர், ஆண்டு முழுதும் இயங்கினால் 18.6 கோடி லிட்டர். 7.25 டி.எம்.சி.யோ ஏறக்குறைய 20,530 கோடி லிட்டர். அதாவது ஆலையின் ஓராண்டுத் தேவை, ஒப்பந்த நீரில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. மணக்கடவில் சராசரியாக எட்டு மணி நேரத்தில் கடந்துபோகும் நீர் அது. பொறியாளர் ஒருவர் இந்த அளவையை மட்டும் கையில் வைத்திருந்தால், இதற்கா இவ்வளவு கூச்சல் என்று வியப்பது இயல்பே. அதே 5.1 லட்சம் லிட்டரைப் பதினைந்து லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் குடத்தால் அளந்தால் நாளுக்கு 34,000 குடம். அளவையை மாற்றினால் ஒரே நீர் ஒன்றுமில்லாததாகவும் ஊரையே விழுங்குவதாகவும் தெரிகிறது. இரண்டில் ஒன்று பொய் என்று சொல்ல முடியாது. அந்த நீர் எங்கிருந்து, எந்தப் பாறையிடுக்கிலிருந்து, யாருடைய கிணற்றுக்கு அருகிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை இரண்டுமே சொல்வதில்லை என்பதுதான் குறை.

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது கேரள உயர் நீதிமன்றம். 2003 ஏப்ரலில் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிப்பதில்லை என்று முடிவெடுத்தது. அப்போது தலைவர் அ. கிருஷ்ணன். மாநில அரசு அதை நிறுத்திவைத்தது. வழக்கு நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயரிடம் வந்தது. 2003 டிசம்பர் 16 அன்று அவர் வழங்கிய தீர்ப்பு, நிலத்தடி நீர் மக்களுக்காக அரசு பாதுகாக்க வேண்டிய பொதுச்சொத்து என்று கூறியது. அளவை என்ற நோக்கில் அதைவிட முக்கியமானது அடுத்த பகுதி: 34 ஏக்கர் வைத்திருக்கும் ஒரு நில உரிமையாளர் வீட்டுக்கும் வேளாண்மைக்கும் நியாயமாக எவ்வளவு எடுப்பாரோ அவ்வளவே நிறுவனமும் எடுக்கலாம் என்றார் நீதிபதி. ஆலையை உழவர் என்ற அளவுகோலால் அளந்தார்.

இந்த அளவுகோல் அழகானது. ஆனால் ஒரு சிக்கல் உண்டு, அதை ஆலையின் தரப்பினர் விடாமல் சொன்னார்கள். 5.1 லட்சம் லிட்டரை 34 ஏக்கரில் பரப்பினால் நாளுக்கு 3.7 மி.மீ. உயரமே வரும். நெல்வயல் அதைவிட அதிகம் குடிக்கும். அப்படியானால் கோலாவைக் குறை சொல்பவர் நெல்லை ஏன் சொல்வதில்லை? இந்த வாதத்தைச் சூழலியல் எழுத்துகள் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடுகின்றன. தாண்டத் தேவையில்லை, கணக்குப் போட்டே விடை காணலாம். நெல் குடிப்பதில் பெரும்பகுதி மழைநீரும் கால்வாய் நீருமாகும். வயலில் நின்ற நீரில் ஒரு பங்கு கீழே இறங்கி அதே கிணறுகளுக்குத் திரும்பும். அறுவடைக்குப் பின் வயல் ஓய்வெடுக்கும். ஆலை கோடையிலும் ஆழத்திலிருந்து எடுத்தது. ஒரு பகுதி புட்டியில் ஏறி வெளியூர் போயிற்று, மறுபகுதி கழிவாயிற்று. ஆகவே பொருத்திப் பார்க்க வேண்டியது நெல்லின் தேவையை அல்ல, நிலத்தின் ஊற்றை. சித்தூரில் ஆண்டுக்கு 1,500 மி.மீ. மழை என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். இத்தகைய கடும்பாறை நிலத்தில் மழையில் பத்தில் ஒரு பங்கு நிலத்தடிக்கு இறங்கும் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் விகிதம். 34 ஏக்கருக்குள் அவ்வாறு இறங்குவது ஆண்டுக்கு இரண்டு கோடி லிட்டரைச் சற்றே தாண்டும். ஆலைக்கு வேண்டியதோ 18.6 கோடி. அதாவது முந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் இறங்கும் மழையனைத்தும் ஆலைக்கே சேர வேண்டும். அந்த நிலத்தில் வேறு எவரும் ஒரு குடமும் இறைக்கக் கூடாது. இது என் கைக்கணக்கு. ஆனால் நீதிபதி நாயரின் அளவுகோலுக்குள் பொதிந்திருந்த தருக்கம் இதுவே என்று நினைக்கிறேன்.

மேல்முறையீட்டில் அமர்வு இந்த வழியை ஏற்கவில்லை. கோழிக்கோட்டு நீர்வள மேம்பாடு மற்றும் மேலாண்மை மையத்தின் வல்லுநர் குழுவிடம் ஆய்வறிக்கை கேட்டது. குழு வட்டாரத்தின் நீர்வரவு செலவைக் கணித்து, இயல்பான மழையுள்ள ஆண்டில் நாளுக்கு ஐந்து லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. 2005 ஏப்ரல் 7 அன்று அமர்வு அதை ஏற்றது. சட்டம் தடுக்காதவரை தன் நிலத்தடி நீரை எடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு என்றும் கூறியது. ஆலை கேட்டதும் அறிவியல் தந்ததும் ஏறத்தாழ ஒரே எண்ணாக வந்து நின்றதைக் கவனியுங்கள். குழுவினர்மேல் ஐயம் எழுப்பவில்லை. பரப்பு பெரிதாகப் பெரிதாக ஆலை சிறிதாகும். சராசரி மழையைக் கொண்டால் வறட்சி மறையும். ஆலை மூடப்பட்டது வறட்சியில்தான்: 2004 பிப்ரவரியில் அரசு வணிகத்துக்காக நிலத்தடி நீர் எடுப்பதற்குத் தடை விதித்தது, மார்ச் 9 அன்று உற்பத்தி நின்றது. ‘இயல்பான ஆண்டு’ என்ற சொல் தீர்ப்பில் இருக்கிறது. குடம் தூக்கியவர் நடந்தது இயல்பற்ற ஆண்டில்.

அளவு மட்டுமே பேசப்பட்டபோது தரம் வழக்கின் ஓரத்துக்குப் போயிற்று. ஆலைக் கழிவுச் சேறு உரம் என்ற பெயரில் உழவருக்குத் தரப்பட்டது. 2003 ஜூலையில் பி.பி.சி. வானொலி அந்தச் சேற்றை இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தில் சோதிக்கச் செய்து, காட்மியமும் ஈயமும் இருப்பதாக ஒலிபரப்பியது. எடுத்த நீரை அளக்க மீட்டர் உண்டு. கெட்டுப்போன நீரை அளக்க அந்த ஊரில் இருந்த ஒரே கருவி நாக்கு. மயிலம்மாவும் மற்றப் பெண்களும் முதலிலேயே சொன்னது அதைத்தான். அது சான்றாக ஏற்கப்பட ஆய்வகம் தேவைப்பட்டது.

நான்காவது அளவை ரூபாய். கேரள அரசு கூடுதல் தலைமைச் செயலர் கே. ஜெயகுமார் தலைமையில் அமைத்த உயர்நிலைக் குழு 2010 மார்ச்சில் அறிக்கை தந்தது. மொத்த இழப்பு 216.26 கோடி ரூபாய். அதில் வேளாண் இழப்பு 84.16 கோடி, நீர்வளம் மாசுற்றது 62.10 கோடி, உடல்நலக் கேடு 30 கோடி, குடிநீர் வழங்கும் செலவு 20 கோடி, கூலியிழப்பும் கைவிட்டுப்போன வாய்ப்புகளும் 20 கோடி. பெண்களின் நடை முதன்முதலாக ஒரு கணக்குப் புத்தகத்தில் ஏறியது இங்கேதான் என்பேன். நீர் சுமக்கப் போனதால் இழந்த வேலைநாள் என்ற வடிவில். 2011 பிப்ரவரி 24 அன்று சட்டமன்றம் இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதாவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. 216.26 கோடியில் ஒரு ரூபாயைக்கூட வழங்க அந்தத் தீர்ப்பாயம் பிறக்கவில்லை.

இதே ஆண்டுகளில் உலக அளவில் நீரை அளக்கும் கலை வேகமாக வளர்ந்தது. டோனி ஆலன் தொண்ணூறுகளில் ‘மறைநீர்’ என்ற கருத்தை முன்வைத்தார். ஆர்யன் ஹூக்ஸ்ட்ரா 2002இல் ‘நீர்த்தடம்’ என்றார். பிளாச்சிமடை ஆலையில் ஒரு லிட்டர் பானத்துக்கு 3.75 லிட்டர் நீர் செலவாயிற்று என்று எழுதப்பட்டது. இது ஆலைமதிலுக்குள் மட்டும் அளந்த எண். 2010இல் கொக்கக்கோலாவும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, நெதர்லாந்தின் டோங்கன் ஆலையில் அரை லிட்டர்ப் புட்டிக்கு 35 லிட்டர் என்றது: பசுமை நீர் 15, நீல நீர் 8, சாம்பல் நீர் 12. பீட்ரூட் சர்க்கரை விளைந்த வயலைச் சேர்த்ததும் லிட்டருக்கு எழுபது ஆகிவிட்டது. 2007இல் அதே நிறுவனம், பானத்தில் பயன்படும் நீருக்கு ஈடான நீரை 2020க்குள் இயற்கைக்குத் திருப்பித் தருவோம் என்று அறிவித்தது. 2015இலேயே இலக்கை எட்டிவிட்டதாகவும் சொன்னது. பானத்தில் உள்ள நீர் என்றால் எந்த நீர்? எழுபதில் ஒன்று. எங்கே திருப்பித் தருவது? எடுத்த கிணற்றில் அல்ல, உலகில் எங்கேனும். கார்பனுக்கு இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும், வளிமண்டலம் ஒன்றே என்பதால். நிலத்தடி நீருக்கு அப்படி ஒரு பொது மண்டலம் இல்லை. பெருமாட்டியில் இறங்கிய கிணறு வேறொரு கண்டத்தில் நட்ட மரத்தால் ஊறாது.

ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 6.4.1 என்னும் குறியீடு உண்டு. நீர்ப் பயன்பாட்டுத் திறனை அது ஒரு கன மீட்டருக்கு எத்தனை டாலர் மதிப்புக் கூடியது என்று அளக்கிறது. இதைச் சித்தூரில் பொருத்தினால், நெல்லிலிருந்து கோலாவுக்கு நீரை மாற்றும் ஒவ்வொரு முறையும் குறியீடு உயரும். அதன் துணையாக நீர்நெருக்கடியை அளக்கும் 6.4.2 இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அது நாடு, பெரும் வடிநிலம் ஆகிய அளவில் கணிக்கப்படுவது. இந்தியாவின் சொந்த முறை இதில் மேலானது என்பதைச் சொல்ல வேண்டும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் கேரளத்தில் வட்டார அளவில், ஊறுவது எவ்வளவு எடுப்பது எவ்வளவு என்று ஒப்பிடுகிறது. அதில் சித்தூர் வட்டாரம் பல மதிப்பீடுகளில் ‘மிகைச் சுரண்டல்’ பட்டியலில் இருந்தது. சில மதிப்பீடுகளில் கேரளம் முழுவதிலும் அப்பட்டியலில் இருந்தது இது ஒன்றே. ஆலை மூடிய பின் வந்த மதிப்பீடுகளிலும் இந்நிலை நீடித்தது என்பது நம்மில் பலருக்கு உவப்பான செய்தியன்று. எடுப்பில் பெரும்பங்கு பாசனத்துக்கானது. குற்றவாளியை ஒரு மதிலுக்குள் அடைத்துவிட்டால் கிழக்கு ஊராட்சிகளின் ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகளைப் பற்றிப் பேசவேண்டியதில்லை, பேசத்தான் வேண்டும். அதே வேளை, அந்தக் கிணறுகள் ஏன் தோண்டப்பட்டன என்பதற்கான விடை மணக்கடவு அட்டவணையிலும் இருக்கிறது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

2017 ஜூலையில் நிறுவனம் பிளாச்சிமடையில் மீண்டும் உற்பத்தி தொடங்கும் எண்ணமில்லை என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஐந்து லட்சம் லிட்டர் சரியா தவறா என்ற கேள்வி இதனால் உச்ச நீதிமன்றத்தில் விடை பெறாமலேயே முடிந்தது. ஆகவே அடுத்த ஆலைக்கு எந்த அளவுகோல் என்பது இன்றும் திறந்தே கிடக்கிறது. 2025 ஜனவரியில் இதே மாவட்டத்தின் எலப்புள்ளியில் மதுபான ஆலைக்குக் கேரள அமைச்சரவை முதற்கட்ட ஒப்புதல் தந்தபோது எழுந்த விவாதத்தில் இரு தரப்பும் லிட்டர்க் கணக்கையே வீசிக்கொண்டன. எத்தனை ஏக்கர் மழை என்று கேட்ட குரலை நான் கேட்கவில்லை.

ஒரு வேண்டுகோளோடு நிறுத்துகிறேன். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பகுதியில் கவலை இறைத்தோர் இன்று எண்பதைக் கடந்தவர்கள். சால், முறை, இஞ்சு ஆகியவை தவிர நீரை அளக்க, பகிர, நீரின் சுவையைக் குறிக்க அவர்கள் ஆண்ட சொற்கள் எவருக்கேனும் தெரிந்திருந்தால், தமிழானாலும் மலையாளமானாலும் எரவாளர் பேச்சானாலும், எந்த ஊரில் கேட்டது என்ற குறிப்போடு கீழே எழுதுங்கள். குறிப்பாகக் கிணறு ‘ஊறுவதற்கு’ எடுக்கும் நேரத்தைக் குறிக்கும் சொல் எனக்கு வேண்டும்.